சீட்டு எழுதிக் கொடுத்தால் போதுமா?

தேவாரத்தில் என் வைத்தியசாலைத் திண்ணையில் காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். மூட்டுவலி, சளி, சர்க்கரை என்று ஆளுக்கொரு கதை. அந்தக் கூட்டத்தில் சில வருஷங்களுக்கு முன் ஒரு பாட்டியும் இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கடலைக்காட்டுக் கூலி.

"அய்யா, கண்ணு பூரா மஞ்சு மூடுன மாதிரி இருக்கு. சொட்டு மருந்து குடுங்க" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. "இதுக்கு ஆபரேஷன்தான் தாயி. தேனிக்குப் போனா இலவசமாவே செஞ்சு விடுவாங்க" என்று சொல்லி, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். என் கடமை முடிந்தது என்று அடுத்தவரின் நாடியைப் பிடித்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடது கண் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. தலையைப் பிளக்கும் வலி. புரை முற்றி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. இந்த நிலையில் உடனே அறுவை செய்தால் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு. நாள் கடத்திவிட்டால், போன பார்வை பெரும்பாலும் போனதுதான். அந்தக் கண் பிழைக்கவில்லை.

"ஏன் தாயி அப்பவே போகல?" என்று கேட்டேன்.

"போகச் சொன்னீக, சரி. யாரு கூட்டிட்டுப் போவா? மக விடிய நாலு மணிக்கு ஏலத்தோட்டத்து ஜீப்புல ஏறுனா, இருட்டுனப்புறம்தான் வருவா. அவ கூலியை விட்டுட்டு வந்தா அடுப்பு எரியுமா? இந்தப் பயலை எங்க விட?" என்று கேட்டுவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். நான் எழுதிய அதே சீட்டு!

வாசகர்களே, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் ஆபரேஷன் மேஜை வரை போய்ச் சேருவது இலவசமில்லை!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் படித்த சித்த வைத்தியன். கண் நோய்கள் 96 என்று எண்ணிச் சொன்ன மருத்துவம் எங்களுடையது. ஆனாலும், முற்றிய கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. தேன், தாய்ப்பால், பூச்சாறு என்று கண்ணில் எதையாவது பிழிந்து நாளைக் கடத்தாதீர்கள். புரைக்கு அறுவைதான் வழி.

அதற்கு நம் பக்கத்தில் வசதி இல்லாமலும் இல்லை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ.வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே 1976-ல்தான் மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் வந்தது. 1992-ல் மதுரையிலேயே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸ் ஏழைக்கும் எட்டியது. சோடாபுட்டிக் கண்ணாடிக் காலம் மலையேறியது.

கண் முகாம் எப்படி நடக்கிறது தெரியுமா? டாக்டரும் நர்ஸும் மருத்துவமனையிலிருந்து வருவார்கள். பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, பெஞ்சு போடுவது, தண்ணீர், டீ, சாப்பாடு எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள், கோயில் அறக்கட்டளை, இளைஞர் மன்றம் என்று யாராவது தோள் கொடுப்பார்கள். புரை இருப்பவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றிப்போய், ஆபரேஷன் செய்து, சோறு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

இவ்வளவு இருந்துமா? ஆமாம், இவ்வளவு இருந்தும்தான்! தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை என்று கண்டது. பயம், போகவர ஆகும் செலவு, போய்விடும் கூலி, வீட்டுப் பொறுப்பு... என் பாட்டி சொன்ன அதே காரணங்கள். அதன் பிறகுதான் மருத்துவமனை ஊர்களைத் தேடி வந்தது. 2004 முதல் நம் தேனி மாவட்டத்தில் போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி, பெரியகுளம் போன்ற ஊர்களில் சின்னச் சின்னக் கண் மையங்கள் வந்தன. மையத்தில் உட்கார்ந்தபடியே தேனி டாக்டரிடம் கம்ப்யூட்டர் வழியாகப் பேச வைத்தார்கள்.

சரி, மையம் பக்கத்தில் வந்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிப் போவது யார்?

எங்கள் ஊர்ப் பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு முகாமுக்கும் மூன்று பேரை அழைத்துப் போவார். மூன்றே பேர்தான். யாருக்குச் சர்க்கரை இருக்கிறது, யாருக்கு மறுபரிசோதனை எந்தத் தேதியில் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருப்பார். ஆபரேஷன் முடிந்த வீட்டுக்குச் சாயங்காலம் நடந்துபோய்ச் சொட்டு மருந்து விடுவார். காசாக அவர் கொடுப்பது ஒன்றுமில்லை. ஆனால் என் கணக்கில், இந்த வட்டாரத்தின் பெரிய தர்மவான் அவர்தான்.

நாம் என்ன செய்கிறோம்? பிறந்தநாளுக்கு அன்னதானத்துக்குப் பணம் கட்டி ரசீது வாங்குகிறோம். நல்லதுதான், குறை சொல்லவில்லை. வேட்டி சேலை கொடுக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. கொடுப்பவர் சிரிக்க, வாங்குபவர் தலையைக் குனிந்து நிற்பார்.

உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று கோபிக்கும் முன், ஒரு நிமிஷம் அவர் கண்ணைப் பாருங்கள். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லையென்றால் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள். நீங்களே கூடப் போங்கள். முன்கூட்டியே சர்க்கரையையும் பிரஷரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை எகிறிக் கிடந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தவிடாதீர்கள். ஆபரேஷன் முடிந்தபின் டாக்டர் சொன்ன கணக்குப்படி சொட்டு மருந்து விழ வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, அழுக்குத் தண்ணீர் படக் கூடாது. வலியோ சிவப்போ பார்வை மங்கலோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அந்த நாட்களில் அவர் அடுப்புப் புகையில் நிற்காமல் இருக்க, ஒரு தூக்குவாளிச் சோறு உங்கள் வீட்டிலிருந்து போகட்டுமே!

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இல்லையா டாக்டர்?" என்று கேட்பீர்கள். ஆமாம், செய்யத்தான் வேண்டும். டாக்டரும் லென்ஸும் பஸ்ஸும் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பயத்தில் தூங்காமல் கிடக்கும் ஒரு கிழவியிடம், "நான் கூட இருக்கேன் தாயி" என்று சொல்ல எந்த அரசாணையும் வராது. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பாட்டியின் வலது கண்ணுக்கு நானே கூடப் போனேன். ஒருநாள் வைத்தியசாலைக்குப் பூட்டு. வாத்தியார் சொட்டு மருந்தைப் பார்த்துக்கொண்டார். என் மனைவி பேரனைப் பார்த்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பின்பு திண்ணைக்கு வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நீங்க இம்புட்டு நரைச்சுப் போயிட்டீகளா?" என்றார்.

திண்ணையே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போதும் சீட்டு எழுதுகிறேன். எழுதி முடித்ததும், "கூட யாரு வர்றா?" என்று கேட்காமல் மட்டும் கொடுப்பதில்லை.