லயத்து வீதிக்கு இறுப்பவர் யார்?

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் சபை நிதி செல்லாதிருந்தது. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தொழிலாளர் வாக்களித்தனர். அவர்தம் வாக்கால் அமைந்த சபையோ அவர்தம் வீதியைச் செப்பனிட இயலாது நின்றது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை அகற்றிற்று.

ஆயின், அத்திருத்தம் அதிகாரத்தை அளித்ததேயன்றிக் கடமையை விதித்திலது. 'செய்யலாம்' என்பது வேறு. 'செய்தல் வேண்டும்' என்பது வேறு.

பணத்துக்கு எங்கே போவது என வினவுவர் சிலர். பயன்பெறும் லயவாசிகளே இறுக்கட்டும் என்பர் வேறு சிலர். அமெரிக்க நகரங்களில் வீதியாலும் வடிகாலாலும் மதிப்புயரும் நிலத்தின் உடைமையாளரிடமே சிறப்பு வரி அறவிடப்படுகிறது. அந்நெறியே இங்கும் அளவுகோலாகுக. காணியுறுதியற்ற லயவாசிக்கு உயரும் மதிப்பு யாது? நிலம் பெரும்பாலும் அரசினது, குத்தகை கம்பனியினது, கொழுந்து லொறி ஓடுவதும் அதே வீதியிலன்றோ?

ஆதலின், தோட்ட வீதி, குடிநீர், வடிகால் என்பன சபையின் கட்டாயக் கடமை என்றும், அவற்றுக்கான சிறப்பு வரி அரசையும் கம்பனியையுமே சாரும் என்றும் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். தேயிலையால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழிலாளி தன் பங்கை முன்னரே இறுத்துவிட்டான்.