பழைய வித்தை, புதுக் கதை

காய்ச்சலில் எழுந்த பிள்ளைக்குச் சோறூட்டுவது லேசா, சகோதரிகளே? எங்கள் குத்துக்கல்வலசை வீட்டில் தங்கை மகனுக்கு நாலு வயது. காதிலிருந்து ஐந்து ரூபாய்க் காசு எடுத்துக் காட்டுவேன்; வாயைப் பிளப்பான், ஒரு கவளம் உள்ளே போய்விடும். நாலாம் நாள், "பெரியம்மா, காசு கைக்குள்ளதான் இருக்கு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடம்பு எப்படித் தேறும்?

1971-ல் காலமான மாஜிக் மேதை பி.சி. சர்க்கார் நினைவுக்கு வந்தார். மேடையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் காலி செய்வார். வேறு வித்தைகள் நடக்கும். திரும்பி வந்து கவிழ்த்தால் மறுபடியும் தண்ணீர்! நிகழ்ச்சி முழுக்க இப்படித்தான். 'வாட்டர் ஆஃப் இந்தியா' என்று அதற்குப் பெயர். ஒரே வித்தைதான், ஆனால் இடைவெளி விட்டு வருவதால் எதிர்பார்ப்பு கூடும்.

மறுநாள் நானும் அவசரப்படவில்லை. பாதிச் சாப்பாடு வரை காசை எடுக்கவே இல்லை. பிறகு, "ஏலே, ஐந்தருவியிலே குளிச்சப்போ காதுக்குள்ளே என்னமோ போயிருக்கே!" என்றேன். குனிந்து காதைக் காட்டினான். கை பழையதுதான், கதை மட்டும் புதுசு. தட்டு காலி!

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: வித்தை முடிந்ததும் காசைப் பிள்ளைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள். விழுங்கிவிட்டால் ஆபத்து.