கடிவாளமா, கல்லாப்பெட்டியா?

ஒரே செடி. அதன் இலை கடைக்குப் போகிறது. அதன் பூவோ, தொட்டவனைச் சிறைக்கு அனுப்புகிறது!

காசி நகரத்துச் சந்துகளிலே அரசு உரிமம் பெற்ற பாங் கடை உண்டு. ராஜஸ்தானத்து ஜெய்சால்மரிலும் உண்டு. பெயர்ப் பலகை தொங்குகிறது, பேரம் நடக்கிறது, கலால் துறைக்குக் கட்டணம் போய்ச் சேருகிறது. சிவராத்திரி வந்தால், ஹோலி வந்தால், அரைத்த கஞ்சா இலை பாலிலே கலக்கப்பட்டுப் பக்தியோடும் களிப்போடும் பருகப்படுகிறது. பருகியவரைக் காவலர் துரத்துவதில்லை. அண்டை வீட்டார் தூற்றுவதில்லை. அதே செடியின் பூங்கொத்தைக் காயவைத்து, காகிதத்தில் சுருட்டினான் ஒரு கூலித் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். கைவிலங்கு, காவல் நிலையம், நீதிமன்றப் படிக்கட்டு!

ஏன் இந்த வேறுபாடு? 1985ஆம் ஆண்டு இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவுக்கு விளக்கம் கூறும்போது, செடியின் பூத்த நுனியையும் காய்த்த நுனியையும் சேர்த்தது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்கியது. பூவிலே போதைச் சத்து மிகுதி, இலையிலே குறைவு என்பர். உண்மைதான். ஆனால், குறைவு என்பது இன்மை அன்று. பாங் பருகியவன் மயங்காமலா இருக்கிறான்? மயக்கம் தருவது குற்றமென்றால் இரண்டும் குற்றம்; மயக்கம் மன்னிக்கத்தக்கது என்றால் இரண்டுக்கும் மன்னிப்பு. பண்டிகைக்கு ஒரு நீதி, பாட்டாளிக்கு ஒரு நீதி என்றால், அது சட்டமா, சம்பிரதாயத்துக்குச் சட்டம் போட்ட சலாமா?

இந்தக் கேள்வியோடுதான் நாம் இன்றைய விவாதத்துக்குள் நுழைகிறோம். கஞ்சாவின் மீதுள்ள தடையை நீக்கி, அரசே அதன் விற்பனையை ஒழுங்குபடுத்தி, வரியும் வாங்கலாமா என்பது உலகெங்கும் எழுந்துள்ள வினா. நம் நாட்டிலும் எழுந்துள்ளது. விடை கூற இரண்டு முகாம்கள் வரிந்துகட்டி நிற்கின்றன. ஒன்று, சிறைக்கதவைக் காட்டும் முகாம். மற்றொன்று, கல்லாப்பெட்டியைக் காட்டும் முகாம். இரண்டும் தவறான வாயிலிலே நின்று கூவுகின்றன என்பது நம் கருத்து.

முதலிலே சிறைக்கதவுக்காரரைப் பார்ப்போம்.

"தடை செய்! தண்டனை கொடு! தானாக ஒழியும்!" என்கிறார்கள். ஒழிந்ததா? 1985 முதல் 40 ஆண்டுகளாகத் தடை இருக்கிறது. ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது. ஓராண்டுக் காலத்தில் கஞ்சாச் செடியிலிருந்து பெற்ற பொருள்களைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் என்றது அது. அவர்களிலே சட்டத்துக்கு உட்பட்ட பாங் பருகியோரும் உண்டு. அவர்களை விலக்கி, கஞ்சா, சரஸ் ஆகியவற்றை நாடியோரை மட்டும் எண்ணினாலும் ஒரு கோடிக்கு மேல். ஒரு கோடிப் பேரை அடைக்கச் சிறை உண்டா? கட்டத்தான் செங்கல் உண்டா? ஆகவே, எல்லோரையும் பிடிப்பதில்லை. பிடிபடுவோன் யார்? மாளிகையின் மேல்மாடியிலே விருந்து நடத்துபவனா? மதில் தாண்டிக் காவலர் கை அவ்வளவு எளிதில் நீளுவதில்லை. தெருமுனையிலே நிற்பவன், பேருந்து நிலையத்திலே பையோடு உட்கார்ந்திருப்பவன், பிணை கொடுக்க ஆளில்லாதவன் பிடிபடுகிறான்.

சட்டத்தின் அளவுகோலையும் பாருங்கள். ஒரு கிலோ வரை "சிறிய அளவு". ஓராண்டுச் சிறை வரை தண்டனை. 20 கிலோவுக்கு மேற்பட்டால் "வாணிக அளவு". குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு. இந்த வழக்கிலே, குற்றமற்றவன் என நம்பக் காரணம் உண்டு என்று நீதிபதிக்கே தோன்றினாலன்றிப் பிணை கிடையாது. ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலே கஞ்சா விளைகிறது என்பது நாடறிந்த செய்தி. அங்கிருந்து மூட்டை சுமந்து இறங்குவோர் யார்? மூட்டையின் சொந்தக்காரரா? அல்ல, கூலிக்குச் சுமக்கும் ஏழை. முதலாளி முகம் காட்டுவதில்லை. சுமந்தவன் 10 ஆண்டு சுமக்கிறான், இந்த முறை சிறைவாசத்தை!

இந்த உண்மை புதிதன்று. 1893ஆம் ஆண்டு, வெள்ளையர் ஆட்சி ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. கஞ்சா, பாங், சரஸ் ஆகியவற்றால் விளையும் கேடு என்ன, தடுக்க வேண்டுமா என்று ஆராய அது நாடெங்கும் சுற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. 'கஞ்சாவினால் பித்துப் பிடித்தோர்' என்று மனநோய் விடுதிகளின் பதிவேடுகள் கூறியவற்றையும் புரட்டிப் பார்த்தது. பல பதிவுகள் தக்க விசாரணையின்றி, யாரோ சொன்னதைக் கேட்டு எழுதப்பட்டவை எனக் கண்டது. 1894இல் தந்த அறிக்கையிலே, முழுத் தடை தேவையுமன்று, தகுந்ததுமன்று. உரிமம், வரி, கட்டுப்பாடு இவையே போதும் என்றது.

அறிவு வழிப்பட்ட ஆராய்ச்சி என்று பாராட்டலாமா? பாதி பாராட்டலாம். மறுபாதியை மறக்கலாகாது. அந்த ஆட்சிக்குக் கஞ்சாவின் மீது ஏற்கெனவே வரி வருவாய் இருந்தது. வங்காளத்திலே நவகாவ் பகுதியில் கண்காணிப்பின் கீழ் பயிரிடச் செய்து, பண்டகசாலையிலே பூட்டி, வரி வாங்கிக்கொண்டு வெளியே விட்ட அரசு அது. சாதுக்களும் பக்கிரிகளும் சினம் கொள்வர், சமய வழக்கத்திலே தலையிட்ட பழி வரும் என்ற அச்சமும் அதற்கு இருந்தது. வருவாயும் வைதிகமும் ஒரே தட்டிலே உட்கார்ந்தால், தராசு எப்பக்கம் சாயும்?

இனி, கல்லாப்பெட்டிக்காரரிடம் வருவோம். இவர்கள் பேச்சு இனிக்கும். "கோடி கோடியாய்க் கள்ளச் சந்தைக்குப் போகும் பணம் கருவூலத்துக்கு வரட்டுமே! பள்ளி கட்டலாம், பாலம் கட்டலாம், கடன் தீர்க்கலாம்!" என்கிறார்கள். இமாசலப் பிரதேசச் சட்டமன்றம் 2024இல், தொழிலுக்கும் மருந்துக்கும் கஞ்சாச் செடி பயிரிடலாம் என்ற குழுவின் அறிக்கையை ஏற்றது. போதைக்காக விற்பதை அது கேட்கவில்லை. நாரும் விதையும் மருந்தும் மலை உழவனுக்குப் பிழைப்புத் தருமானால் நமக்கு மறுப்பில்லை. ஆனால், அங்கும் முதலில் ஒலித்த முரசு, வருவாய் என்னும் முரசுதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருவாய் முரசு எங்கே கொண்டுபோய் விடும்? அமெரிக்க நாட்டைப் பாருங்கள். கொலராடோ மாநிலத்தார் 2012இல் வாக்களித்துத் தடையை நீக்கினர். 2014 சனவரி முதல் நாள் கடை திறந்தது. கஞ்சா வரியிலே ஆண்டுதோறும் முதல் 4 கோடி டாலர் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று அந்த வாக்கெடுப்பிலேயே எழுதிவைத்தனர். கேட்க எவ்வளவு அழகு! ஆனால் எண்ணிப் பாருங்கள்: பள்ளிக்கூடத்துக் கூரை உறுதியாக நிற்க, ஊரிலே புகைப்போர் தொகை குறையாமல் நிற்க வேண்டும்! பிள்ளையைக் கஞ்சாவிடமிருந்து காக்க வேண்டிய ஆசிரியர், கஞ்சா காசிலே எழுந்த சுவருக்குள் நின்று பாடம் நடத்துகிறார்!

கலிபோர்னியாவின் கதை வேறு. அங்கே 2018இல் கடைகள் திறந்தன. 15 விழுக்காடு தனி வரி, அதன்மேல் விற்பனை வரி, ஊர்களின் வரி. வரி ஏற ஏற விலை ஏறிற்று. விலை ஏற ஏற, கள்ளச் சந்தை கதவை மூட மறுத்தது. 2025 சூலையிலே வரியை 19 விழுக்காடாக்கினர். அக்டோபரிலே மீண்டும் 15க்கே இறக்கினர். பேராசைக்கு மூன்றே மாதம் ஆயுள்!

தாய்லாந்தோ, 2022 சூனிலே தடையை நீக்கிவிட்டு, ஒழுங்குபடுத்தும் சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. ஆயிரக்கணக்கிலே கடைகள் முளைத்தன. 2025 சூனிலே, மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாது என்று பின்வாங்கிற்று. கதவைத் திறந்த பிறகு தாழ்ப்பாள் செய்யக் கொல்லனைத் தேடிய கதை!

வெளிநாடு எதற்கு? வீட்டுக்கே வருவோம். 1937இல் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட என்று சொல்லி 1939இல் விற்பனை வரி வந்தது. பின்னர் என்ன ஆயிற்று? விற்பனை வரி நிலைத்தது, மதுவிலக்கு மறைந்தது! 1983இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. 2023-24இல் மதுவால் அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். எந்தக் கட்சி கோட்டையில் அமர்ந்தாலும், "படிப்படியாகக் குறைப்போம்" என்கிறார்கள். படி இருக்கிறது, இறங்குவதற்குக் கால் எழவில்லை. ஏன்? குடிப்பவனுக்கு மதுவிலே நாட்டம். கருவூலத்துக்கு அவன் நாட்டத்திலே நாட்டம்! தனி மனிதனின் பழக்கத்தை மருத்துவர் மாற்றலாம்; ஓர் அரசின் பழக்கத்தை மாற்ற எந்த மருத்துவமனையிலே படுக்கை உண்டு?

ஆகவேதான் நாம் கேட்கிறோம்: கஞ்சாவுக்கும் இதே பாதையா?

"சிறையும் வேண்டாம், கல்லாவும் வேண்டாம் என்றால் உங்கள் வழிதான் என்ன?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும், கூறுவது நம் கடமை.

கஞ்சா கெடுதலற்றது என்று கூறும் கூட்டத்தில் நாம் இல்லை. அதைப் பழகுவோரிலே ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர் என்பது மருத்துவ அறிவு. வளரும் மூளைக்கு அது கேடு. இளவயதிலே தொடங்கி நாள்தோறும் புகைப்போரிடம் உளநோய் இடர் கூடுகிறது. இந்தக் கேடு உண்மையானது. உண்மையானது என்பதால்தான் அதை மருத்துவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறோம். நோயைச் சிறை குணப்படுத்தியதாக வரலாறு இல்லை.

ஆகவே, முதற்படி: தன் பயன்பாட்டுக்கு வைத்திருந்தவனைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கு. சிகிச்சைக்கு முன்வரும் அடிமைப்பட்டோர்க்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் பிரிவு 1985 சட்டத்திலேயே இருக்கிறது. ஏட்டிலே உறங்கும் அதை எழுப்பு. சுமைகூலிக்கும் சரக்கின் சொந்தக்காரனுக்கும் ஒரே தண்டனை என்னும் அநீதியை நீக்கு. 2020 திசம்பரிலே, கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஐ.நா. ஆணையத்தில் வாக்களித்த 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவிலே தூக்கிய கை, இங்கே விலங்கு பூட்டலாமா?

இரண்டாம் படி: பின்னொரு நாள் விற்பனைக்கு இசைவு தருவதானால், கியூபெக்கைப் பார். கனடா நாடு 2018 அக்டோபரிலே தடையை நீக்கியபோது, அந்த மாநிலம் அரசுக் கடையே அமைத்தது. நம் ஊர் மதுக்கடையும் அரசுக் கடைதான். பெயர் ஒன்று, பிறவி வேறு! நுகர்ச்சியைத் தூண்டாமல் விற்க வேண்டும் என்பது அந்தக் கடைக்கு விதித்த கட்டளை. 21 வயது நிரம்பாதவருக்கு அங்கே இடமில்லை. கிடைக்கும் ஆதாயம் தடுப்புக்கும் ஆராய்ச்சிக்குமே முதன்மையாகச் செல்கிறது. உருகுவே நாடு 2013இல் சட்டம் செய்து, 2017 முதல் மருந்துக்கடை வழியாக, பதிவு செய்துகொண்டோர்க்கு மட்டும், மாதம் 40 கிராம் என்று அளந்து கொடுக்கிறது. விளம்பரம் இல்லை, வெளிநாட்டுச் சுற்றுலாக்காரருக்கு விற்பனை இல்லை.

இதுதான் நாம் கூறும் வேறுபாடு. வரி, கடிவாளமாக இருக்கலாம், கல்லாப்பெட்டியாக இருக்கலாகாது. கடிவாளம் குதிரையை அடக்க. கல்லாப்பெட்டியோ குதிரையை விரட்ட! கஞ்சாவிலே வரும் ஒவ்வொரு காசும் மீட்பு இல்லத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் சிறை மீண்டோர் மறுவாழ்வுக்கும் போக வேண்டும். பொதுக் கணக்கிலே ஒரு காசும் சேரக் கூடாது. விற்பனை குறைந்தால் நிதியமைச்சர் முகம் வாடக் கூடாது, மலர வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு இசைவாரா, வருவாய் முரசு கொட்டுவோர்? இசைந்தால், அவர்கள் மக்கள் நலம் பேசுவோர். தயங்கினால், கணக்குப் பேசுவோர். உரைகல் இதுவே.

அதுவரையில், இலைக்கு உரிமமும் பூவுக்கு விலங்கும் என்னும் இந்த இரட்டை நீதியை நாம் ஏற்பதற்கில்லை. பருகுபவன் திருநீறு பூசியிருக்கிறானா, சுமப்பவன் வியர்வை பூசியிருக்கிறானா என்று பார்த்துத் தீர்ப்பு எழுதும் சட்டம், சட்டப் புத்தகத்திலே இருக்கலாம்; அறத்தின் ஏட்டிலே அதற்கு இடமில்லை.

சிறைக்குள்ளே இருப்பவன் ஏழை. அவனை வெளியே அழைத்துவருவோம். அழைத்து வந்து, அவனையே வாடிக்கையாளனாக்கிக் கடைவாசலிலே நிறுத்தாமல் இருப்போம்!