கழிவு யாருக்கு, கட்டணம் யாருக்கு?

பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் பழைய ஏர்கோன் ஒன்று உண்டு. அது விழுங்கும் மின்சாரத்திற்கு நான் பணம் கட்டுகிறேன்; அதை மாற்றும் உரிமையோ வீட்டு உரிமையாளருக்கு.

மின்சிக்கன நட்சத்திர முத்திரை பெற்ற ஏர்கோன், குளிர்பதனப் பெட்டி வாங்குவோருக்குச் ‘சேவ்’ திட்டத்தின்வழி அரசாங்கம் கழிவு தந்தது. 2021-இல் 200 வெள்ளியாக இருந்தது, 2024-இல் 400 வெள்ளி வரை உயர்ந்தது.

நல்ல திட்டம்தான். ஆனால், மீதிப் பணத்தை வாங்குபவரே போட வேண்டியிருந்தது. மின்கட்டணம் தன் தலையில் விழாத உரிமையாளர் ஏன் வாங்குவார்? நாம் வாங்கினால், அறை மாறும்போது சுவரிலிருந்து கழற்றிக்கொண்டா போவது?

வாடகை வீடுகளுக்குக் கூடுதல் கழிவு தரலாம். பெறும் உரிமையாளர் ஓராண்டுக்கு வாடகையை உயர்த்தக் கூடாதென நிபந்தனையும் வைக்கலாம்.

அதுவரை, நண்பர்களே, அறை பார்க்கப் போனால் வாடகையை மட்டும் கேட்காதீர்கள்; ஏர்கோனில் எத்தனை நட்சத்திரம் என்றும் பாருங்கள்.