திருடு போனால் யார் சொல்வது?

வீட்டில் நகை திருடு போனால் விடிந்ததும் தெரிந்துவிடும். பீரோ திறந்து கிடக்கும். ஆனால் டேட்டாபேஸில் இருக்கும் விவரம் திருடு போனால்? அது இருந்த இடத்திலேயே இருக்கும். திருடன் கொண்டு போவது நகலைத்தானே! யாராவது வந்து சொன்னால்தான் பறிகொடுத்தவருக்குத் தெரியும்.

2021-ல் தமிழகத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண்கள் உட்பட, ஹேக்கர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் கிடப்பதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொல்லி, பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆதார் எண்ணைக் குறியாக்கம் செய்து தனிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும், மற்ற இடங்களில் அதற்குப் பதிலாக வேறொரு குறிப்பு எண்தான் இருக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017-லேயே உத்தரவு போட்டிருந்தது. ஆக, விதிக்குப் பஞ்சமில்லை!

இப்போது துறையூருக்கு மேலே, பச்சைமலையில் இருக்கும் ஒரு பழங்குடிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். நகரத்தில் இருப்பவர் ஒரு பேங்க் பிடிக்கவில்லை என்றால் வேறு பேங்குக்குப் போகலாம். மலையில் இருப்பவர் ஆதாரைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ரேஷன் அரிசி வாங்க முடியுமா? அந்த 50 லட்சத்தில் அவர் பெயரும் இருந்ததா என்று அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லை. 2022-ல் வந்த உத்தரவும், 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றதே தவிர, பாதிக்கப்பட்டவரைப் பற்றிப் பேசவில்லை.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியிருக்கிறது. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம். நல்ல சட்டம்தான். ஆனால் அபராதப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பறிகொடுத்தவருக்கு ஒரு பைசா கிடையாது. அவருக்கு மிஞ்சுவது அந்தத் தகவல் ஒன்றுதான். அதுவும் பதிவு செய்த போனுக்கோ கணக்குக்கோ அனுப்பினால் போதும் என்கிறது விதி. கார்டில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் என்றால்? மலையில் சிக்னலே இல்லை என்றால்?

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை இருப்பை எழுதிப் போட ஒரு பலகை இருக்கிறதே, அதன் பக்கத்தில் தமிழில் நான்கு வரி எழுதினால் போதும். என்ன விவரம் போனது, எப்போது போனது, யாரைக் கேட்கலாம், எதில் ஏமாறக் கூடாது.

சொன்னால் பீதி கிளம்பும் என்பார்கள் சிலர். சொல்லாவிட்டால்? நாளை யாரோ ஒருவன் போன் செய்து, பெயரையும் ஆதார் எண்ணையும் சரியாகச் சொல்லி, "ரேஷன் ஆபீசிலிருந்து பேசுறோம், ஓடிபி சொல்லுங்க" என்பான். அத்தனையும் சரியாக இருக்கும்போது அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

தணிக்கைக்கு வருபவர் சர்வர் அறைப் பூட்டையும் கோப்புகளையும் பார்த்துவிட்டு 'சரி' என்று டிக் அடித்தால் மட்டும் போதாது. கசிவு நடந்தால் பச்சைமலையில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத நிறுவனம், எத்தனை சான்றிதழ் மாட்டி வைத்திருந்தாலும், விதியை மதித்ததாகச் சொல்ல முடியாது.