39 குறையாவிட்டாலும் கோடுகள் மாறும்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் திருமுல்லைவாயல், அன்னனூர், அடுத்தது ஆவடி. கால் மணி நேரப் பயணம்தான். அக்கா அம்பத்தூரில், தம்பி ஆவடியில் என்று வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் அக்காவின் வாக்கு ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்கு. தம்பியின் வாக்கு திருவள்ளூர் தொகுதிக்கு. மதுரவாயலில் இருக்கும் மாமா ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால் வரும் பூந்தமல்லியில் இருக்கும் சித்தி திருவள்ளூர்.

இதில் யாரும் சதி செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த கோடு இது. 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அம்பத்தூர், வில்லிவாக்கம் என்ற மிகப் பெரிய சட்டமன்றத் தொகுதிக்குள் இருந்தது. அது உடைக்கப்பட்டு, 2011 சட்டமன்றத் தேர்தலில் அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல் ஆகியவை தனித் தனித் தொகுதிகளாக முதல் முறை வாக்களித்தன. பூந்தமல்லி, பட்டியல் சமூகத்தினருக்கான தனித் தொகுதி ஆனது.

நம் வீட்டு வாசலில் நடந்த இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பற்றி அன்று நம் மஹல்லாக்களில் எத்தனை பேர் பேசினோம்? வரைவு வெளியானபோது எத்தனை ஜமாஅத்துகள் கருத்து எழுதி அனுப்பின? இந்தக் கேள்வியை இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது.

எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு

தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது ஒரு எண்: 39. மக்கள்தொகைப்படி இடங்களைப் பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செயல்படுத்திய தென் மாநிலங்களின் பங்கு சுருங்கிவிடும் என்பது நம் அச்சம். அது வெறும் அச்சமும் அல்ல. 1962 தேர்தலில் தமிழ்நாட்டுக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967-இல் அது 39 ஆனது. 1976-இல் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இந்த எண்ணிக்கையை உறைய வைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

இதை முன்வைத்துத்தான் 2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. மார்ச் 22 அன்று கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் சென்னைக்கே வந்து கூடினார்கள். உறைநிலையை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டும் என்று கேட்டார்கள். தென் மாநிலங்கள் ஒரு இடத்தைக்கூட இழக்காது என்று ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா அதற்கு முன்பே கோவையில் சொல்லியிருந்தார்.

எதிர்த் தரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் ஒரு மக்களவை உறுப்பினர் சராசரியாக 25 லட்சம் பேருக்குப் பிரதிநிதி. தமிழ்நாட்டில் அது சுமார் 18.5 லட்சம். "எங்கள் வாக்கின் மதிப்பு உங்கள் வாக்கைவிடக் குறைவா?" என்று அங்குள்ள ஒருவர் கேட்டால் அதை ஒதுக்கிவிட முடியாது. கூட்டாட்சியும் ஒரு நீதி, சமமான வாக்கும் ஒரு நீதி. இரண்டையும் எப்படிச் சமன் செய்வது என்பதுதான் அந்த விவாதம்.

ஆனால் இந்த விவாதத்தின் நிழலில் இன்னொரு விஷயம் மறைந்து கிடக்கிறது. 39 அப்படியே 39 ஆக இருந்தாலும், மாநிலத்துக்குள் கோடுகள் மாறலாம். 2008-இல் நடந்தது அதுதான். எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறவில்லை. வரைபடம் மட்டும் மாறியது. எண்ணிக்கைக்காகக் குரல் கொடுக்க எல்லாக் கட்சிகளும் இருக்கின்றன. உள்ளே போடப்படும் கோட்டைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

கோட்டின் வலிமை

கோடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஓர் ஊரில் 50 வாக்காளர்கள், பத்துப் பத்துப் பேராக ஐந்து தொகுதிகள். ஒரு தரப்புக்கு 20 பேர் ஆதரவு. மீதி 30 பேர் மறு தரப்பு.

அந்த 20 பேரைத் தொகுதிக்கு நான்கு பேராகச் சிதறடித்தால், அவர்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். ஒரே தொகுதியில் பத்துப் பேரைக் குவித்து, மீதியை 4, 2, 2, 2 என்று பிரித்தால் ஓர் இடம். 8, 8, 2, 1, 1 என்று கோடு போட்டால் இரண்டு இடம். 6, 6, 6, 1, 1 என்று போட்டால், சிறுபான்மையாக இருந்தும் மூன்று இடம். மக்கள் அவர்களேதான், யாரும் மனம் மாறவில்லை, கள்ள ஓட்டும் விழவில்லை. முடிவை மாற்றியது பென்சில் மட்டுமே.

இந்த வித்தைக்கு அமெரிக்காவில் ஜெர்ரிமாண்டரிங் என்று பெயர். 1812-இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்பமிட்ட சட்டத்தில் ஒரு தொகுதி, பல்லியைப் போன்ற சாலமாண்டர் என்ற பிராணியின் வடிவில் வளைந்து நெளிந்து கிடந்தது. அவர் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டிப் பத்திரிகைகள் கேலி செய்த சொல்தான் நிலைத்துவிட்டது.

அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே, அதாவது ஆளும் கட்சியே, கோடு போடுகிறது. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் குடியரசுக் கட்சி அரசு, தங்களுக்கு ஐந்து இடங்கள் கூடும் விதமாகப் புதிய வரைபடத்தைச் சட்டமாக்கியது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சபையைக் கூடவிடாமல் மாநிலத்தை விட்டே வெளியேறிப் போராடினார்கள். அதே ஜனநாயகக் கட்சி நவம்பரில் கலிபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, தங்களுக்கு ஐந்து இடங்கள் கூடும் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியது. முன்பு அங்கே கோடு போட்டது கட்சி சாராத ஒரு குடிமக்கள் ஆணையம். அந்த ஏற்பாட்டைத் தற்காலிகமாக ஓரம் கட்டித்தான் இது நடந்தது.

இரு தரப்பும் 'நியாயம்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தின. தோற்கும் மாநிலத்தில் நியாயம் பேசுவார்கள். ஜெயிக்கும் மாநிலத்தில் பென்சிலை எடுப்பார்கள். கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போடுவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2019-இல் கை விரித்துவிட்டது.

அஸ்ஸாம் காட்டும் பாடம்

நம் நாட்டில் கோடு போடுவது கட்சிகள் அல்ல, ஆணையம். அது பெரிய பாதுகாப்பு. ஆனால் முழுப் பாதுகாப்பா என்று அறிய அஸ்ஸாமைப் பார்க்க வேண்டும்.

அங்கே 2023-இல் தேர்தல் ஆணையமே மறுவரையறை செய்தது. ஆகஸ்ட் 11 அன்று இறுதி ஆணை வந்தது. சட்டமன்றம் 126, மக்களவை 14. எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் மாவட்ட எல்லைகளை மாற்றக்கூடாது என்று ஆணையம் தடை விதித்திருந்த நிலையில், அதற்கு முந்தைய நாளே மாநில அமைச்சரவை நான்கு மாவட்டங்களைப் பழைய மாவட்டங்களோடு இணைத்துவிட்டது. நிர்வாக எல்லையை மாற்றினால் தொகுதி எல்லையும் அதன் பின்னால் வரும் என்பது கோடு போடுபவர்களுக்குத் தெரியும்.

விளைவு 2024 மக்களவைத் தேர்தலில் தெரிந்தது. பார்பேட்டா தொகுதியில் முஸ்லிம்கள் அடர்த்தியாக வாழும் சில பகுதிகள் துப்ரி தொகுதியோடு சேர்க்கப்பட்டிருந்தன. 2019-இல் காங்கிரஸின் அப்துல் காலிக் வென்ற பார்பேட்டாவில், பா.ஜ.க. கூட்டணியின் அசாம் கண பரிஷத் வென்றது. துப்ரியில் காங்கிரஸ் வேட்பாளர் ரகிபுல் ஹுசைன் 10 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அந்த வெற்றியைக் கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால் மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். வெற்றிக்குத் தேவைப்படாத லட்சக்கணக்கான வாக்குகள் ஒரே தொகுதியில் குவிந்திருக்கின்றன. அடுத்த தொகுதியில் அந்த வாக்குகளுக்கு இடமில்லை. குவித்தல் என்பது வெற்றியின் முகத்தோடு வரும் இழப்பு.

பூர்வகுடி மக்களின் அரசியல் உரிமையைக் காக்கவே இது என்பது அஸ்ஸாம் ஆளும் தரப்பின் வாதம். பழங்குடியினருக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் தனித் தொகுதிகள் கூடியதும் உண்மைதான். அது தவறல்ல. ஒரு சமூகத்துக்குக் கிடைக்கும் உரிமையை இன்னொரு சமூகத்தின் குரலைச் சுருக்கித்தான் தர வேண்டுமா என்பதே கேள்வி.

ஜம்மு காஷ்மீரிலும் 2022-இல் இதே கேள்வி எழுந்தது. 2011 கணக்கெடுப்பில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை சுமார் 69 லட்சம், ஜம்மு பகுதியில் சுமார் 54 லட்சம். கூடுதலாக உருவான ஏழு சட்டமன்ற இடங்களில் ஆறு ஜம்முவுக்கும் ஒன்று காஷ்மீருக்கும் போயின. மலையும் எல்லையோரமும் காரணம் என்றது ஆணையம். மக்கள்தொகைதான் அடிப்படை என்றால், அது எல்லா இடத்திலும் அடிப்படையாக இருக்க வேண்டாமா?

சச்சார் குழு 2006-இலேயே இன்னொன்றைச் சுட்டிக்காட்டியது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் சில தொகுதிகள் பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்படுகின்றன. பட்டியல் சமூகத்தினர் அதைவிட அதிகம் வாழும் தொகுதிகள் பொதுத் தொகுதிகளாக விடப்படுகின்றன என்று அது சொன்னது. இதைச் சொல்லும்போது நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். இடஒதுக்கீடு தலித் சகோதரர்களின் உரிமை. பூந்தமல்லி தனித் தொகுதியாக இருப்பதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்குரிய தொகுதி அவர்கள் அதிகம் வாழும் இடத்திலேயே அமைவது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

நம் பகுதிக்கு என்ன வரும்?

தமிழ்நாட்டில் அஸ்ஸாம் நடக்கும் என்று நாம் பீதி கிளப்பவில்லை. இங்கே முஸ்லிம்கள் 2011 கணக்கெடுப்பின்படி 5.86 விழுக்காடு. பரவி வாழ்கிறோம். பரவி வாழ்வது அநீதி அல்ல. கூட்டணி அரசியலில் அதற்கும் ஒரு பலம் உண்டு. நமக்கென ஒரு தொகுதி செதுக்கித் தாருங்கள் என்று கேட்பது துப்ரியின் வழி.

ஆனால் மேற்குப் புறநகரில் கோடுகள் மாறப்போவது உறுதி. 2021 தொடக்கத்தில் சோழிங்கநல்லூர் தொகுதியில் ஏறக்குறைய 6.9 லட்சம் வாக்காளர்கள், துறைமுகத்தில் 1.76 லட்சம். ஒரே மாநகரில் ஒருவரின் வாக்கு இன்னொருவரின் வாக்கில் கால் பங்கு. ஆவடியும் மதுரவாயலும் நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியிலும் 2018-இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. 2001 கணக்கில் போட்ட கோடு இன்றைய ஊருக்குப் பொருந்தவில்லை. அடுத்த ஆணையம் எப்போது அமைந்தாலும், புறநகரில்தான் அதிகம் வெட்டி ஒட்டும்.

அப்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒரு பள்ளிவாசல் மஹல்லாவை, ஒரு சந்தையை, ஒரு குடியிருப்பைக் காரணமின்றி இரண்டாக வெட்டக் கூடாது. தொகுதிகளின் மக்கள்தொகை கூடியவரை சமமாக இருக்க வேண்டும். எந்த அளவுகோலை ஒரு பகுதிக்குப் பயன்படுத்துகிறார்களோ, அதையே அடுத்த பகுதிக்கும் பயன்படுத்த வேண்டும். இவை முஸ்லிம்களுக்கான கோரிக்கைகள் அல்ல. கோயில் தெருவுக்கும் சர்ச் தெருவுக்கும் இதே நியாயம்தான்.

இப்போதே செய்ய வேண்டியது

முதலாவது, கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. கோடு போடப்படுவது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, மக்கள்தொகையை வைத்து. வாடகை வீட்டில் இருந்தாலும், சொந்த ஊர் வேறாக இருந்தாலும், வாழும் இடத்தில் நம் வீட்டுக் குழந்தைகள், முதியோர் உட்பட அனைவரும் எண்ணப்பட வேண்டும்.

இரண்டாவது, வாக்காளர் பட்டியல். 2025 டிசம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுவதும் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, வீடு மாறியவர்களும் அதில் அடக்கம். ஊரில் ஓட்டு, ஆவடியில் வீடு என்று வாழ்பவர்கள் தம் பெயர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, வரைவு. மறுவரையறைச் சட்டப்படி ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது விசாரணை நடத்தியாக வேண்டும். குவஹாத்தியில் 2023 ஜூலையில் மூன்று நாட்கள் அப்படி விசாரணை நடந்தது. இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். அப்பட்டமான தன்னிச்சை இருந்தால் மட்டுமே தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொன்னது. ஆகவே பேச வேண்டிய நேரம் அந்தச் சில வாரங்கள்தான். அன்று எழுந்து பேச, எந்தத் தெரு எந்த மஹல்லா, அங்கே எத்தனை வீடுகள் என்ற குறிப்பு ஒவ்வொரு ஜமாஅத்திடமும் தயாராக இருக்க வேண்டும். இளைஞர்களும் பெண்களும் சேர்ந்தால் ஒரு மாத வேலை.

நமக்கே எதிராக அமைந்தாலும் நீதியில் நிற்க வேண்டும் என்று கற்ற சமூகம் நாம். நமக்குச் சாதகமாகக் கோடு வளைந்தால் மௌனமாக இருந்துவிட்டு, எதிராக வளைந்தால் மட்டும் கூச்சலிட்டால், டெக்சாஸ்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. நேரான கோடு கேட்போம். அதையும் வரைவு மேசையில் இருக்கும்போதே கேட்போம்.