சிறையென்றால் சுவர் மட்டுமா?

கற்பனை உலகொன்றில் வீரனாகவும் மந்திரவாதியாகவும் வேடம் பூண்டு ஆடும் விளையாட்டுக்கள் இப்பொழுது நம் வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடையை உருட்டித் தம் விதியை அறிவது ஒருவகை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்குத் தாய் எனலாம். அப்பெயரின் முற்பாதியே நிலவறைச் சிறையைக் குறிப்பது. கணினித் திரையின் முன் தனியொருவராக அமர்ந்து ஆடுவது மற்றொருவகை. இரண்டைப்பற்றியும் இளைஞர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு: "எல்லாம் நன்றாயிருக்கிறது, நம்மைப் பிடித்துச் சிறையிலிடும் கட்டம் மட்டும் நம்பும்படியாக இல்லை." இக்குறையை இவ்வாரம் சற்றே ஆராய்வோம். விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடத்தக்க விஷயமன்று இது.

முதலில், இவ்விளையாட்டுக்களின் சிறைகள் எத்தகையவை என்று பார்ப்போம். 2006இல் வெளிவந்த 'ஒப்லிவியன்' என்னும் கணினி ஆட்டம் சிறையறையிலேயே தொடங்குகிறது. கொலைஞரிடமிருந்து தப்பியோடும் பேரரசன், அத்தனை அறைகளையும் விட்டு, நம் கதாநாயகன் அடைபட்டிருக்கும் அதே அறைக்குள் வந்து நுழைகிறான். காரணம், இரகசியச் சுரங்கவழி அந்த அறையின் சுவருக்குள்தான் இருக்கிறதாம்! அரசனின் உயிர்காக்கும் வழியைக் கைதியின் தலைமாட்டில் அமைத்த சிற்பியை என்னென்பது?

2011இல் வந்த 'ஸ்கைரிம்' ஆட்டத்திலோ, குற்றம் செய்து பிடிபட்டவனிடமிருந்து வாளையும் பொன்னையும் பறித்துக்கொள்ளும் காவலர், பூட்டைத் திறக்கும் கம்பி ஒன்றை மட்டும் அவனிடமே விட்டுவிடுகின்றனர். தண்டனைக் காலத்தைக் கழிக்க விரும்பினால் படுக்கையிற் சாய்ந்தாற் போதும். கண்மூடித் திறப்பதற்குள் நாட்கள் பறந்துவிடும். ஆனால் அவன் சேர்த்து வைத்திருந்த பயிற்சியிற் சிறிது அழிந்துபோயிருக்கும். சிறைவாசம் மனிதனிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது என்னும் உண்மை அந்த ஓரிடத்திலாவது தலைகாட்டுகிறதே என்று நாம் மகிழலாம்.

வேடம் பூண்டு வேறோர் ஆளாகும் கலை மட்டக்களப்பு நாட்டார்க்குப் புதியதன்று. வடமோடி, தென்மோடி என்னும் இரு மரபிலும் விடியவிடிய ஆடப்படும் நம் கூத்துக்களுக்கு வட்டக் களரியே மேடை. சிறைச்சாலையை எழுதிக்காட்டும் திரைச்சீலைக்கு அங்கே இடமில்லை. ஆடுபவன் தன் பாட்டாலும் ஆட்டத்தாலும் துயரத்தைக் காட்ட, சுற்றியிருப்போர் அதனை நம்பிக் கண்கலங்குகின்றனர். ஆகவே ஒரு காட்சி நம்பத்தக்கதாவதற்குக் கல்லும் இரும்பும் வேண்டியதில்லை.

ஆயினும் கூத்துக்கும் இவ்விளையாட்டுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கூத்திலே தன் பாத்திரத்தின் முடிவு ஆடுபவனுக்கு முன்பே தெரியும். அண்ணாவியார் பழக்கியபடி ஆடிப் பாடுவது அவன் கடமை. வேட விளையாட்டிலே தன் பாத்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தீர்மானிப்பவன் ஆடுபவனே. அந்த உரிமைதான் ஆட்டத்தின் உயிர். கதை நடத்துபவர், "நீங்கள் மயங்கி விழுந்தீர்கள், கண்விழித்தபோது சிறையிற் கிடக்கிறீர்கள்" என்று ஒரே மூச்சில் அவ்வுரிமையைப் பறித்துவிட்டால், பாத்திரம் சிறைப்படுமுன்னரே ஆடுபவன் சிறைப்பட்டுவிடுகிறான். அவன் கோபம் நியாயமானதே.

நம் பழைய கதைஞர்கள் இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். வான்மீகி இராமாயணத்தில் அனுமன் பிடிபடும் இடத்தைப் பாருங்கள். இந்திரசித்தின் பிரமாத்திரம் அவனைக் கட்டுகிறது. விஷயம் அறியாத அரக்கர் மேலும் கயிறுகளாற் பிணிக்கின்றனர். வேறு கட்டைப் பொறாத அத்திரம் அக்கணமே தானாக விலகிவிடுகிறது. கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுப் போக அனுமனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அவனோ இராவணனை நேரிற் காணவேண்டும் என்று கருதிக் கட்டுண்டவன் போலவே நடக்கிறான். பெருவீரன் ஏன் பிடிபட்டான் என்ற கேள்விக்கு விடை அவ்வீரனுடைய நெஞ்சிலேயே இருக்கிறது. அதனால் நமக்குச் சிறிதும் ஐயம் எழுவதில்லை.

சிறையின் வலிமை எங்கே இருக்கிறது என்பதற்குப் புறநானூறு ஒரு சான்று தருகிறது. சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்தில் அடைபட்டிருந்தபோது தண்ணீர் கேட்டான். கேட்டவுடன் கிடைக்கவில்லை, காலந்தாழ்த்தி வந்தது. வந்த நீரைப் பருகாமலே அவன் உயிர்விட்டான் என்று 74ஆம் பாட்டின் பின்னுள்ள குறிப்புக் கூறும். பூட்டைப்பற்றியோ சுவரைப்பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. தாகத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையே சிறை என்று அக்குறிப்பு நமக்கு உணர்த்திவிடுகிறது.

இனி, கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். அதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. செங்கலடியிலிருந்து வாழைச்சேனை, வாகரை, வெருகல் வழியாக வடக்கே சென்றால் மூதூரை அடையலாம். அதனை அடுத்துள்ள கொட்டியாரக் குடாவுக்கு 1660ஆம் ஆண்டில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் வந்து சேர்ந்தது. புயலில் முறிந்த பாய்மரத்துக்குப் பதிலாக வேறொன்று தேடி வந்த கப்பல் அது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் வாளை உருவி அதன்மேற் பாயவில்லை. அரசனிடமிருந்து செய்தி வந்திருப்பதாகச் சொல்லிக் கப்பற்றலைவரைக் கரைக்கு அழைத்தனர். விருந்தாளி போல வந்தவரைப் புளியமரத்தடியிற் பிடித்துக்கொண்டனர். இவ்வாறு தலைவரும், 19 வயதினரான அவர் மகன் ரொபேட் நொக்ஸும் உட்படப் பதினாறு பேர் அகப்பட்டனர்.

அவர்களை எந்த நிலவறையிலும் அடைக்கவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியது. ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்து விட்டனர். அவர்களுக்கு உணவளிக்கும்படி ஊராருக்கு அரசகட்டளை பிறந்தது. மலைநாட்டு வழிகளில் முட்கதவுகளும் காவலும் இருந்தன, அதற்கப்பால் காடு, அதற்கும் அப்பால் காய்ச்சல். தந்தையார் 1661இல் அக்காய்ச்சலுக்கே இரையானார். அவரை அடக்கம் செய்ய மகன் உதவி கேட்டபோது, ஊரார் மாடு கட்டும் கயிறொன்றைக் கொண்டுவந்தனர், உடலைக் காட்டுக்கு இழுத்துச் செல்வதற்காக. அதற்கு இசையாத மகன், எஞ்சியிருந்த பொருளிற் கூலி கொடுத்துத் தந்தையைப் புதைத்தார். எந்தச் சிறைக்கதவின் ஓசையைவிடவும் இந்தக் கயிறு நம் நெஞ்சிற் கனக்கிறதல்லவா?

பின்பு நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். தொப்பி ஒன்றை ஈடாகத் தந்து ஆங்கில விவிலிய நூல் ஒன்றைப் பெற்றார். சுமைவியாபாரியாக ஊரூராகத் திரிந்து வடதிசை வழிகளைப் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அறிந்துகொண்டார். இறுதிப் பயணத்தின்போது வழியிலே ஓர் அதிகாரி விசாரிக்க, உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லிச் சமாளித்தார். அநுராதபுரத்தைக் கடந்து, ஆற்றோரமாகக் காட்டினூடே நடந்து, 1679இல் தோழர் ஒருவருடன் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். பிடிபட்ட நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன! 1681இல் இலண்டனில் வெளியான அவர் நூல் இவற்றையெல்லாம் விரித்துரைக்கிறது. மந்திரமில்லை, காவலனை மடையனாக்கும் வித்தையில்லை, பொறுமையும், ஊரறிந்த ஒரு தொழிலும், தக்க நேரத்திற் சொல்லத்தக்க ஒரு பொய்யுமே இருந்தன. விளையாட்டை நடத்துபவர்க்கு இதனிலும் நல்ல பாடநூல் கிடைப்பதரிது.

இனிச் சொல்லப்போவது விளையாட்டுக்கு வெளியே உள்ளது. ஆயினும் செங்கலடியிலிருந்து எழுதும் நாம் இதனைச் சொல்லாமல் விடலாகாது. நம் ஊரை அடுத்த வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளைகளும் விடை கேட்டு நிற்கின்றனர். விளையாட்டுக்களின் சிறைக்காட்சிகளில் நாம் காணாத ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் வெளியே காத்திருப்பவர். உலை வைத்துவிட்டு வாசலைப் பார்க்கும் ஒருத்தி இல்லாத சிறைக்கதை, நம் மண்ணில் அரைக்கதையே. நம் பிள்ளைகள் "நம்பும்படியாக இல்லை" என்று சொல்லும்போது, தாம் கேட்டு வளர்ந்த வீட்டுக்கதைகளே அவர்களை அறியாமல் அவ்வாறு சொல்லச் செய்கின்றனவோ என்றும் நமக்குத் தோன்றுவதுண்டு.

அப்படியானால் இக்காட்சிகளையே நீக்கிவிடலாமா? வேண்டியதில்லை. அச்சத்தையும் துயரத்தையும் விளையாட்டாகத் தொட்டுப் பார்ப்பது மனிதர்க்கு இயல்பு. கூத்தும் அதையே செய்கிறது. கதை நடத்தும் இளைஞர்களுக்குச் சில சொற்கள் மட்டும் கூறுவோம். ஆட்டம் தொடங்குமுன், சிறைக்காட்சி வரலாமா என்று மேசையிலுள்ளோரைக் கேட்டுவிடுங்கள். யார் வீட்டில் எந்தப் புண் ஆறாதிருக்கிறது என்பதை நாம் அறியோம். பகைவன் கொல்லாமற் பிடிப்பது எதற்காக என்பதை முன்பே தீர்மானியுங்கள். பணயமா, செய்தியா, அரசனின் வெறும் ஆசையா? சரணடைந்தால் உயிர் தப்பும் என்று ஆடுபவர் நம்புவதற்கு இடங்கொடுங்கள். கொடுத்த வாக்கைப் பின்பு மீறாதீர்கள். சோற்றையும் நீரையும் யார் தருகிறார் என்று சொல்லுங்கள். காவலனுக்கும் ஒரு குடும்பத்தைக் கொடுங்கள். வெளியே காத்திருப்பவரை மறவாதீர்கள்.

சிறைக்குள்ளும் செய்வதற்கு ஒரு காரியம் இருக்கட்டும். மணிமேகலை சிறைக்கோட்டத்துக்குட் சென்றது தப்பி ஓடுவதற்காக அன்று. அங்கே பசித்துக் கிடந்தோரைக் கண்டு அமுதசுரபியால் உணவூட்டினாள். அதனைக் கேள்வியுற்ற மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதென வினவினான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி அவள் கேட்டாள், அவனும் இசைந்தான். பூட்டுத் திறக்கும் கம்பியை ஒளித்துவைத்துக்கொள்ளும் வீரர்கள், ஒரு நாளாவது அவள் வழியில் ஆடிப் பார்க்கட்டும்.